மரண அறிவித்தலில் நான் மாற்றிய பெயர்

மகன்,

இந்தக் கடிதத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உன் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி இருக்கிறது. அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் இருக்கிறது. மூன்றையும் நான்தான் எழுதினேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பதால், பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்னரே இதை ஒரு சொல்லும் மாறாமல் நானே வாசித்துக் குரல்பதிவாக உனக்கு அனுப்புகிறேன். தனியாகச் சொல்லியிருக்கலாமே, ஊருக்கெல்லாம் ஏன் சொல்லவேண்டும் என்று நீ கேட்பாய். பிழை ஊருக்கெல்லாம் போனது. எங்கள் தொழிலில் ஒரு பிழையைத் திருத்த ஒரே இடம்தான் உண்டு. அது வந்த இடம்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம், மிசிசாகாவில் உன் வீட்டுச் சமையலறையில் நாம் இருவரும் நின்றோம். உன் மனைவி லைனே மேலே படுத்திருந்தாள். ஏழாம் மாதம். பெண்பிள்ளை என்று சொன்னாய். பெயர் பார்த்துவிட்டீர்களா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். நீ கழுவிக்கொண்டிருந்த கோப்பையைத் தண்ணீருக்குக் கீழேயே பிடித்துக்கொண்டு நின்றாய்.

"பாத்திட்டம்."

"என்ன பேர்?"

"சொறி அப்பா. உங்களுக்கு இப்ப சொல்ல மாட்டம். வீ டிசைடட். பிள்ளை பிறந்து, ரெஜிஸ்டர் பண்ணி, சேர்ட்டிபிக்கேற் கையிலை வந்தாப் பிறகு சொல்லுறம்."

"நான் ஆருக்கும் சொல்ல மாட்டன் மகன்."

"நீங்கள் ஆருக்கும் சொல்லுவியள் எண்டு இல்லை. மாத்திப்போடுவியள்."

நீ அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். மழை வரும், குடை கொண்டுபோங்கள் என்று சொல்வதுபோலச் சொன்னாய். சொந்தப் பேத்தியின் பெயரை நம்பிச் சொல்ல முடியாத மனிதன் நான் என்பது உங்கள் இருவருக்கும் முடிந்துபோன விஷயமாக இருந்தது. அதை மாற்றத்தான் இத்தனையும். நீங்கள் மனம் மாறுவது உங்கள் கையில் இருக்கிறது. நான் செய்யவேண்டியது என் கையில் இருக்கிறது. என் பங்கை நான் செய்து முடிக்கிறேன்.

இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்கு நடந்தது தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். இங்கே கனடாவில் இதே பத்திரிகையில் முப்பது வருடங்களுக்கு மேல் செய்தி எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் மரண அறிவித்தல்களை மட்டும் விடவில்லை. எங்களவர் ஒருவர் இறந்தால் அந்த அறிவித்தலில் பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர், துணை, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர் என்று முழுக் குடும்பமும் வரிசையாக நிற்கும். வாசிப்பவர்களில் பாதிப் பேர் இறந்தவருக்காக வாசிப்பதில்லை. உயிரோடிருப்பவர்கள் யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை என்று பார்க்க வாசிக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொலைபேசியில் முழுவதையும் வாசித்துக் காட்டுவேன். பெயர்களை இரண்டு தரம் வாசிப்பேன். "அண்ணை, எத்தினை தரம் வாசிப்பியள்? சவம் எடுக்கிற நேரமாச்சு" என்று ஒருவர் கத்தியிருக்கிறார். அப்படியும் விடமாட்டேன்.

ஆனால் சரியாக அச்சிடுவதும் நியாயமாக நடப்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். ஒரு குடும்பம் மூத்த மகளின் பெயரை விடச் சொன்னது. அவள் தங்களுக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் செய்துவிட்டாளாம். குடும்பம் சொல்வதைத்தான் நாங்கள் போடுகிறோம் என்று விட்டேன். அடுத்த வாரம் அந்தப் பெண் இரண்டு பஸ் மாறி, ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். பத்திரிகையை என் மேசையில் விரித்தாள். "அங்கிள், இதிலை செத்தது அப்பாவோ, நானோ?" என்று கேட்டாள். தேத்தண்ணி குடிக்கிறீர்களா பிள்ளை என்று கேட்டேன். அவள் பத்திரிகையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அடுத்த அறிவித்தலை எடுத்தேன்.

உன் அம்மா போன அன்று மத்தியானமே நான் கணினிக்கு முன் உட்கார்ந்துவிட்டேன். அழத் தெரியாதவன் வேலை செய்வான். 'எழிலனின் அன்புத் தாயாரும்' என்று அடித்தேன். அடுத்தது மருமகள். அங்கே விரல் நின்றது. நீங்கள் நகர மண்டபத்தில் பத்துப் பேரோடு பதிவுக் கல்யாணம் செய்தீர்கள். ஊரிலும் பாரிஸிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தங்களுக்கு, "மகனோடை வேலை செய்யிற பிள்ளை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். எந்த ஊர்ப் பிள்ளை என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவேன். லைனே என்று போட்டால் மறுநாள் காலையில் தொலைபேசி அடிக்கும். அந்தப் பெயருக்கு எஸ்தோனிய மொழியில் அலை என்று பொருள் என்பதை அவளே எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் சொல்லியிருந்தாள். அலைமகள் என்று அடித்தேன். வாசிக்கும்போது வடிவாகவும் இருந்தது. பொய் சொல்லவில்லை, மொழிபெயர்த்திருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சொந்தங்கள் கேட்டுக்கொண்டதால் செய்தேன் என்று இன்று எழுத எனக்கு வசதியாக இருக்கும். அவர்கள் கேட்கவில்லை. நானே செய்தேன்.

பிறகு அதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். அறிவித்தலைப் படமாக உன் கைபேசிக்கு அனுப்பி, பார்த்துச் சொல் என்றேன். நீ "ஓம் அப்பா, ஓகே" என்று பதில் போட்டாய். உன்னால் அதை வாசிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து நீ நான்காம் வகுப்போடு நின்றாய். உன்னைக் கூட்டிப்போக வேண்டிய நான் சனிக்கிழமைகளில் ஊர்ச் சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் இரண்டு தரம் வாசித்துக் காட்டுகிறவன், பெற்ற பிள்ளைக்கு ஒரு தரமும் வாசித்துக் காட்டவில்லை. உன் "ஓகே"யை வாங்கி வைத்துக்கொண்டேன், பிறகு காட்டலாம் என்று. அந்த அளவுக்கு யோசித்திருக்கிறேன்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அம்மாவை மருந்து ஏற்ற வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது லைனேதான். உனக்கு வேலை. எனக்குக் கண் பழுதாகிக் கார் ஓட்டுவதை விட்டிருந்த நேரம். அந்தக் காத்திருப்பு அறையில் அம்மா அவளுக்குத் தமிழ் எழுதப் பழக்கியிருக்கிறார். நெடுங்கணக்கு முழுவதும் இல்லை. அவளுடைய பெயரை மட்டும். இரண்டே எழுத்து.

அம்மாவைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தின் வாசலில் அறிவித்தலைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தோம். லைனே அதன் முன்னால் நின்று விரலால் வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தாள். என்ன தேடுகிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. விரல் ஓரிடத்தில் நின்றது. 'லை' அங்கே இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் தேடிய எழுத்து இல்லை. திரும்பி என்னைப் பார்த்து, "மாமா, இதில் நான் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் விரல் இருந்த சொல்லையே காட்டி, இதுதான், உங்கள் பெயரின் பொருள் என்றேன். "பொருளா?" என்றாள். கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்தாள். "மாமி என்னை இப்படிக் கூப்பிடவில்லையே." பிறகு உள்ளே போய் உனக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்கள் எல்லோருக்கும் மூன்று மணித்தியாலம் கைகூப்பினாள். ஒருவருக்கும் ஒன்றும் காட்டவில்லை. வீட்டுக்குப் போன பிறகுதான் உனக்கே சொல்லியிருக்கிறாள்.

பெயரைப் பிழையாகப் போட்ட நிருபன் முதலில் செய்யவேண்டியது அந்தப் பெயரைப் பற்றி விசாரிப்பது. நான் அதைப் பத்து மாதம் பிந்தி, நீ சமையலறையில் அப்படிச் சொன்ன பிறகுதான் செய்தேன். நூலகத்தில் இருந்த ஒரு பெயர் அகராதியில் லைனேக்கு ஒன்றரை வரி இருந்தது. எஸ்தோனியப் பெண்பால் பெயர், கடலலையைக் குறிக்கும் சாதாரணச் சொல்லிலிருந்து வந்தது. அவ்வளவுதான். யார் முதலில் வைத்தார்கள் என்று தெரியவில்லை. கண்டுபிடிக்க முடியாததைக் கண்டுபிடித்ததாக எழுதமாட்டேன். அதற்கு மேல் அறிய உன் மாமனார் ரெய்னிடம் போனேன். உங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவர் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. இதையும் சேர்த்துக் குறித்துக்கொள்.

எழுபது தாண்டிய எஞ்சினியர். கோப்பியும் ஏலக்காய் போட்ட இனிப்புப் பாணும் வைத்தார். நான் குறிப்பேட்டை எடுத்ததைப் பார்த்துச் சிரித்தார். "எங்கள் பெயர்களை நெடுங்காலம் மற்றவர்கள்தான் வைத்தார்கள்," என்றார். "பாதி தேவாலயம், பாதி ஜேர்மன் பேசிய நிலச் சொந்தக்காரர்கள். நாடு எங்களுடையது என்று ஆன காலத்தில்தான் சனங்கள் தங்கள் சொந்தச் சொற்களை எடுத்துப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். இலை, எதிரொலி, அந்தி, அமைதி, அலை. எல்லாம் பெண்பிள்ளைகளின் பெயர்கள். என் அக்காவின் வகுப்பில் மூன்று லைனேகள் இருந்தார்களாம். ஆசிரியை கூப்பிட்டால் மூன்று பேரும் எழும்புவார்களாம்."

"அப்படியென்றால் அபூர்வமான பெயர் இல்லையா?" என்றேன்.

"உங்கள் ஊரில் எத்தனை லட்சுமி?" என்று கேட்டார்.

அவருடைய அக்காவின் பெயரும் லைனே என்பதை அன்றுதான் அறிந்தேன். இரண்டாம் உலக யுத்தம் முடியும் தறுவாயில் அந்தக் குடும்பம் எஸ்தோனியாவிலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் சுவீடனுக்குத் தப்பியது. ரெய்ன் அங்கே பிறந்தவர். பிறகு கப்பலில் கனடா. ரொறன்ரோவில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளே ஆசிரியை லைனேயை எலெய்ன் ஆக்கிவிட்டார். பிள்ளைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம். அக்கா வங்கியில் வேலை செய்த காலம் முழுவதும் மேசைமேல் எலெய்ன் என்ற பலகைதான் இருந்தது. வீட்டில் மட்டும் லைனே. அவர் இறந்தபோது ரெய்ன் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதிக் கொடுத்திருக்கிறார், லைனே என்று. அச்சில் வந்தது எலெய்ன்.

"கேட்டேன். எல்லாருக்கும் அவரை அந்தப் பெயரில்தானே தெரியும் என்றார் அங்கிருந்தவர். கெட்ட மனிதர் இல்லை. உங்களைப் போல நல்ல மனிதர்தான்," என்று சொல்லி என் கோப்பையை நிரப்பினார். "அதற்குப் பிறகு மகள் பிறந்தாள். வேறு பெயர் யோசிக்கவே இல்லை."

"திருத்தம் போட்டார்களா?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

"போட்டார்கள். பின்பக்கத்தில், பழைய கார் விற்கிற விளம்பரத்துக்குக் கீழே. தேடிக் கண்டுபிடிக்கவே எனக்கு அரைமணி நேரம். அதற்குள் அக்காவை அடக்கம் செய்தாகிவிட்டது." பாணை வெட்டிக்கொண்டே கேட்டார்: "உங்களுடையது எந்தப் பக்கத்தில் வரப்போகிறது?"

திருத்தம் போடப்போகிறேன் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அந்த நிமிடம்வரை எனக்கும் அது தெரியாது.

உன் பெயரைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கோயில் பெயர்கள்தான். கலப்பில்லாத தமிழ்ப் பெயர் வேண்டும் என்று நின்று உனக்கு எழிலன் என்று வைத்தேன். ரெய்னின் சனங்கள் செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன், அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல். நீ இரண்டாம் வகுப்பில் படித்தபோது ஆசிரியை உன்னை அலன் என்று கூப்பிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய், வகுப்பில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் சேர்த்து 'ழ' சொல்லிக்கொடுத்தேன். நாக்கை எங்கே வைக்கவேண்டும் என்று வாயைத் திறந்து காட்டினேன். நீ வெட்கத்தில் மேசைக்குக் கீழே போய்விட்டாய். ஆசிரியைக்குக் கடைசிவரை 'ழ' வரவில்லை. ஆனால் அலன் என்று கூப்பிடுவதை நிறுத்தினார். அதை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதனும் நான்தான், அலைமகள் என்று அடித்தவனும் நான்தான். என் பிள்ளையின் பெயருக்கு ஒரு நீதி, மற்றவர் பிள்ளையின் பெயருக்கு வேறு நீதி வைத்திருந்தேன்.

திருத்தம் வரப்போவதைப் பாரிஸில் இருக்கும் உன் அத்தைக்கு முதலிலேயே சொன்னேன். அவர் மற்றவர்கள் சொல்லிக் கேள்விப்படக் கூடாது.

"உனக்கென்ன விசரே? ஒரு வருசமாச்சு. ஆருக்கு ஞாபகம்?"

"எனக்கு ஞாபகம் அக்கா."

"உது நாங்களே எங்கடை தலையிலை மண் அள்ளிப் போடுற வேலை. சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"அலைமகள் எண்டால் என்ன வடிவான பேர்! அந்தப் பிள்ளைக்குச் சந்தோசமாத்தானே இருக்கவேணும்?"

"உங்களை வேலை இடத்திலை மரி, மரி எண்டு கூப்பிடுறாங்கள் எண்டு அழுதது ஆர்? மரியும் வடிவான பேர்தானே?"

"சரி, போடு," என்றார். "போடுறதெண்டால் எல்லாத்தையும் ஒழுங்காப் போடு. போனமுறை என்ரை மூத்தவனை இளையவனுக்குப் பிறகு போட்டிட்டாய்." பார்த்தேன். உண்மைதான். எதிர்ப்பக்க நினைவஞ்சலியில் அதுவும் திருத்தப்பட்டிருக்கிறது.

மகன், நீ தகப்பனாகப் போகிறாய். புத்தி சொல்லும் தகுதி எனக்கு இந்த விஷயத்தில் இல்லை. பிழை செய்த அனுபவம் இருக்கிறது, அதிலிருந்து சொல்கிறேன். உன் மகளின் பெயரை மாற்ற வருகிறவர்கள் முறைத்துக்கொண்டு வரமாட்டார்கள். அன்பாக வருவார்கள். சுருக்கிக் கூப்பிடலாமே, பிள்ளைக்குச் சுகமாக இருக்குமே என்பார்கள். ரெய்ன் வீட்டு ஆட்களில் ஒருவன் சொல்லலாம், எங்கள் வீட்டு ஆட்களில் ஒருவன் சொல்லலாம், ஒரு டாக்டர் சொல்லலாம். முதல் நாளே நிறுத்து. அதற்காக நீ வாயைத் திறந்து காட்டவேண்டி வந்தால் காட்டு. பிள்ளை வெட்கப்பட்டு மேசைக்குக் கீழே போனால் போகட்டும். இன்னொன்று, உன்னைப் பெற்றவர்கள் நீட்டுகிற தாள் என்பதற்காக வாசிக்காமல் "ஓகே" சொல்லாதே. வாசிக்கத் தெரியாவிட்டால், வாசித்துக் காட்டச் சொல்லிக் கேள். கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை. அன்று நீ கேட்டிருந்தால், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெயரை என்னால் வாசித்திருக்க முடியாது. இதை உன்மேல் பழியாகச் சொல்லவில்லை. நான் எவ்வளவு பலவீனமாக இருந்தேன் என்பதற்குச் சொல்கிறேன்.

திருத்தம் நான்கு வரி. 'கடந்த ஆண்டு இப்பத்திரிகையில் வெளியான மரண அறிவித்தலில் மருமகளின் பெயர் அலைமகள் என்று வந்தது. அவருடைய பெயர் லைனே. பெயரை மாற்றியவர் அறிவித்தலை எழுதிய கணவர். இது அச்சுப்பிழை அல்ல.' பக்கம் அமைக்கிற தம்பி கடைசி இரண்டு வரியையும் பார்த்துவிட்டுக் கதிரையைத் திருப்பினான். "அங்கிள், அச்சுப்பிழைக்கு வருந்துகிறோம் எண்டு போடுவம். பழி எங்கடை தலையிலை இருக்கட்டும். உங்களுக்கு ஏன் உந்த வெட்கக்கேடு?" நல்ல பிள்ளை. என்மேல் அன்பு. வேண்டாம் என்றேன். அவன் மறுபடியும் கேட்டான். மறுபடியும் வேண்டாம் என்றேன்.

அம்மாவின் திவசம் அடுத்த ஞாயிறு, டோர்செட் பார்க்கில் எங்கள் வீட்டில். வருவதும் வராததும் உங்கள் விருப்பம். நீங்கள் வராவிட்டாலும் இந்த நான்கு வரியும் அச்சில் இருக்கும். இதைப் போட்டுவிட்டேன், பதிலுக்கு அதைத் தாருங்கள் என்று கேட்கமாட்டேன். பிள்ளையின் பெயரை இனி நானாகக் கேட்கப்போவதும் இல்லை. நீங்கள் தீர்மானித்தபடியே பதிந்து, தாள் கைக்கு வந்த பிறகு சொல்லுங்கள். அன்று பொருள் என்ன, எந்த மொழி, யார் முதலில் வைத்தது என்று ஒன்றும் விசாரிக்க மாட்டேன். எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்பேன். அதை லைனே சொல்லட்டும். அவளுக்குச் சரியென்று படும்வரை நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன்.

அப்பா